டிரெசர் ஐயாவுக்குச் சட்டம் வந்த கதை

மலேசியச் சட்டத் தொகுப்பில் 435 என்ற எண்ணுக்குரிய சட்டம் அளவில் சிறியது. 1965ல் இயற்றப்பட்டு, 1990ல் திருத்திய பதிப்பாக வெளிவந்தது. தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் என்பது அதன் பெயர். தோட்ட எல்லைக்குள் மட்டுமே நடந்த ஒரு தொழிலுக்கு நாடாளுமன்றம் ஏன் தனிச்சட்டம் போட்டது என்று இன்றைய இளைஞர்கள் கேட்கலாம். பேராக்கில் லயத்து வீட்டில் பிறந்த பாட்டியிடம் இதைச் சொன்னால், சட்டத்தின் எண்ணெல்லாம் அவருக்குத் தெரியாது. "நம்ம டிரெசர் ஐயாவுக்கா?" என்று திருப்பிக் கேட்பார்.

டாக்டர் இல்லாத இடத்தில் டாக்டராக இருந்தவர் அவர். ஊசி போட்டார், புண்ணைக் கழுவிக் கட்டினார், மருந்து கலந்து கொடுத்தார், நடுநிசியில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு லாரி ஏற்பாடு செய்தார். அவருக்கு எதுவரை அதிகாரம்? அதைத் தீர்மானிப்பவர் யார்? எல்லை தாண்டினால் கேட்பவர் யார்? நோயைத் தொடும் எல்லாத் தொழில்களையும், தாதிமை முதல் மூக்குக்கண்ணாடி வரை, அரசு ஒவ்வொன்றாகக் கேட்ட கேள்விகள் இவை. டிரெசர் விஷயத்தில் அந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்க நீண்ட காலம் ஆனது. விடை வந்தபோது தோட்டமே ஆட்டங்காணத் தொடங்கியிருந்தது.

பேராக்கில் ரப்பருக்கு முன்பே தமிழர் வந்துவிட்டார்கள். வடக்கே கிரியான் மாவட்டத்தின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் அவர்கள். பாகான் செராய் சுற்றுவட்டாரத்தில் இன்றும் இருக்கும் பழைய தமிழ்க் கிறித்தவக் குடியிருப்புகள் அந்தக் காலத்தின் மிச்சம். 1877ல் பேராக் ரெசிடெண்டாக வந்த ஹியூ லோ கோலகங்சாரில் பால்மரக் கன்றுகளை நட்டார். அந்தத் தலைமுறை மரங்களில் ஒன்று இன்றும் அங்கே நின்று வருவோர் போவோரைப் படம் பிடிக்க வைக்கிறது. தைப்பிங்கில் 1880ல் மருத்துவமனை தோன்றியது. அது ஈயச் சுரங்கத்தையும் பட்டணத்தையும் நம்பி எழுந்த மருத்துவமனை. காட்டை அழித்து உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்த தோட்டங்களுக்கு அது எட்டாத தூரம்.

அந்தத் தூரத்தின் விலை என்ன என்பதை ஓர் ஆண்டுக் கணக்கு காட்டும். 1911ல் பேராக்கையும் உள்ளடக்கிய கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டத் தொழிலாளர்களில் 9,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆயிரம் பேருக்கு 62.9 என்பது அந்த ஆண்டின் சாவு விகிதம். முதல் காரணம் மலேரியா. அதன் பின்னால் வயிற்றுக்கடுப்பு, கொக்கிப்புழு, சோகை. கிள்ளான் பக்கம் வேலை பார்த்த டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடியவைத்துக் கொசுவைக் கட்டுப்படுத்திக் காட்டினார். ஆனால் பேராக்கின் பல தோட்டங்கள் மலையடிவாரத்தில் இருந்தன. அங்கே காட்டை வெட்டியதும் வெயில் விழுந்த தெளிந்த ஓடைகளில் வேறு வகைக் கொசு பெருகியது. கடலோரத்தில் பலித்த வழி மலைப்பக்கம் பலிக்கவில்லை. 1911லேயே மலேரியா ஆலோசனை வாரியம் அமைக்கப்பட்டது. கொயினா மாத்திரை ஊரெல்லாம் பரவியது.

பத்து காஜா பக்கம் கெல்லி மாளிகையைப் பார்க்கப் போகிறவர்கள், சற்றுத் தள்ளி இருக்கும் மாரியம்மன் கோயிலையும் பார்க்கவேண்டும். கிந்தா கெல்லாஸ் தோட்டத்தின் துரை வில்லியம் கெல்லி ஸ்மித் மாளிகை கட்டத் தமிழகத்திலிருந்து ஆள் கொண்டுவந்தார். 1918ல் உலகை உலுக்கிய நச்சுக்காய்ச்சல் அவர்களையும் விட்டுவைக்கவில்லை. அடுத்தடுத்துச் சாவு விழுந்தபோது, அம்மனுக்குக் கோயில் கட்டினால்தான் மனம் ஆறும் என்று வேலையாட்கள் கேட்டதாகவும், துரை கட்டிக் கொடுத்ததாகவும் வட்டாரத்தில் சொல்வார்கள். கோயிலின் மேல்பகுதியில் தெய்வ உருவங்களுக்கு நடுவே, வெள்ளைக் கால்சட்டையும் மேல்சட்டையும் தொப்பியுமாக ஒரு துரையின் உருவம் நிற்கிறது. மருந்து கைகொடுக்காத இடத்தில் மாரியம்மன்தான் ஆஸ்பத்திரி என்ற நிலைமைக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

சாவு அதிகமானால் ஆள் வராது, ஆள் வராவிட்டால் பால் வராது. இந்தக் கணக்குப் புரிந்தபிறகுதான் சட்டம் அசைந்தது. 1912ல் கூட்டு மாநிலங்களுக்கு ஒரு தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது, 1923ல் அது விரித்து எழுதப்பட்டது. தோட்ட முதலாளி குடியிருப்பு தரவேண்டும், நல்ல தண்ணீர் தரவேண்டும், பத்துப் பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் பள்ளிக்கூடம் வைக்கவேண்டும், நோயாளிக்கு மருத்துவ வசதி செய்யவேண்டும். இந்தியாவிலும் 1922ல் குடிபெயர்வுச் சட்டம் வந்து, கோலாலம்பூரில் இந்திய அரசின் ஏஜெண்டு ஒருவர் உட்கார்ந்து ஆண்டுதோறும் அறிக்கை எழுதத் தொடங்கினார். பெரிய தோட்டங்கள் சொந்தமாக ஆஸ்பத்திரி கட்டின. சின்னத் தோட்டங்கள் நான்கைந்து சேர்ந்து பொது ஆஸ்பத்திரி ஒன்றை நடத்தின. டாக்டர் குறித்த நாளில் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் அங்கே இருந்தவர் டிரெசர்.

யார் இந்த டிரெசர்? 1905 ஜூலையில் சிங்கப்பூரில் திறந்த மருத்துவப் பள்ளியின் முதல் தொகுதியில் 23 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் 16 பேர் முழு மருத்துவப் படிப்புக்கு, 7 பேர் மருத்துவமனை உதவியாளர் பயிற்சிக்கு. ஒரே கூரையின் கீழ் இரண்டு ஏணிகள், ஒன்று உயரம், ஒன்று குட்டை. ஆனால் தோட்டத்துக்கு வந்த டிரெசர்களில் பெரும்பாலோர் அந்தக் குட்டை ஏணியைக்கூடப் பார்த்தவர்கள் இல்லை. அரசு மருத்துவமனையில் சில ஆண்டு கைவேலை பழகியவர்கள், மூத்த டிரெசரிடம் எடுபிடியாக நின்று கற்றுக்கொண்டவர்கள், ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்ததால் வேலை கிடைத்தவர்கள் என்று பல வகை. மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழரும் அவர்களில் நிறைய. கிராணி, வாத்தியார், டிரெசர் மூவரும் தோட்டத்தின் நடுத்தட்டு. துரைக்குக் கீழே, கங்காணிக்கும் தொழிலாளிக்கும் மேலே. லயத்தில் அவர்கள் குடியிருக்கவில்லை, தனி வீடு அவர்களுக்கு. அதனால்தான் பெயரோடு "ஐயா" ஒட்டிக்கொண்டது.

விடியுமுன்னே பெரட்டுக் களத்தில் அவருடைய நாள் தொடங்கும். கிராணி பெயர் கூப்பிட, ஆட்கள் பதில் சொல்ல, ஓரமாக நிற்கிறவர்கள்மேல் டிரெசரின் பார்வை போகும். வேலைக்குப் போகமுடியாதவர்கள் ஆஸ்பத்திரித் திண்ணையில் வரிசை கட்டுவார்கள். நாக்கை நீட்டச் சொல்வார். கீழிமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்ப்பார், வெளுத்திருந்தால் கொக்கிப்புழு என்று அவருக்குத் தெரியும். பிள்ளைகளைப் படுக்கவைத்து இடது விலாவுக்குக் கீழே விரல் நுனியால் அழுத்துவார், மண்ணீரல் வீங்கியிருந்தால் அந்த லயத்தில் மலேரியா இருக்கிறது என்று அர்த்தம். எத்தனை பிள்ளைக்கு மண்ணீரல் வீக்கம் என்ற எண்ணிக்கையை வைத்துத்தான் ஒரு தோட்டத்தின் மலேரியா அளவை அன்று மதிப்பிட்டார்கள். அந்த எண்ணிக்கை டிரெசரின் விரல் நுனியிலிருந்து வந்தது.

மேசையில் அவருடைய ஆயுதங்கள்: பேதிக்கு உப்பு மிக்சர், விளக்கெண்ணெய், வெட்டுக்காயத்துக்கு டிங்சர் அயோடின், சொறி சிரங்குக்கு ஊதா மருந்து, பிற்காலத்தில் சல்பா மாத்திரை, அதற்கும் பிறகு பென்சிலின். பால்கத்தி விரலைப் பதம் பார்த்திருக்கும். பாலை உறையவைக்கும் அமிலம் தெறித்துத் தோல் வெந்திருக்கும். செருப்பில்லாத காலில் முள்ளேறிச் சீழ் பிடித்திருக்கும். கண்ணில் தூசு விழுந்தவரின் இமையைப் பிரட்டிப் பஞ்சால் எடுத்துச் சொட்டுமருந்து விடுவதும் அவர்தான். ஒரே ஆள், மருந்தாளர், தாதி, சுகாதாரப் பரிசோதகர், பல சமயம் கண் வைத்தியர்.

ஆனால் அவர் கையில் இருந்த கூர்மையான கருவி கத்தியோ ஊசியோ இல்லை, ஒரு சொல்தான். "இன்னைக்கு வேலைக்குப் போகலாம்", அல்லது "போகவேண்டாம்". தொழிலாளிக்கு நாட்கூலி. போகாவிட்டால் சம்பளம் இல்லை, போகிற நிலையில் உடம்பும் இல்லை. துரைக்கோ பெரட்டில் ஆள் குறையக்கூடாது. டிரெசருக்குச் சம்பளம் கொடுப்பவர் துரை, அவருடைய மருத்துவத்தைச் சரிபார்ப்பவர் எப்போதாவது வந்துபோகும் டாக்டர். இரண்டு எசமானர்களுக்கு நடுவில் நோயாளி மூன்றாவது ஆள். "நடிக்கிறான்" என்று தொழிலாளியைத் திருப்பி அனுப்பிய டிரெசரின் கதையும் உண்டு, துரையிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு ஆளை லயத்தில் படுக்கவைத்த டிரெசரின் கதையும் உண்டு. இரண்டும் ஒரே காரணத்தால் வந்த கதைகள். தொழிலாளர் சட்டம் முதலாளியைக் கட்டியது, ஆஸ்பத்திரிக் கட்டடத்தைக் கட்டச் சொன்னது. அந்தக் கட்டடத்துக்குள் இருந்த மனிதரின் தகுதியும் எல்லையும் பாதுகாப்பும் என்ன என்பதை ஒரு தனிச்சட்டம் எடுத்துச் சொல்ல இன்னும் நாள் ஆனது.

இடையில் போர் வந்தது. ஜப்பானியர் ஆட்சியில் மருந்து அற்றுப்போனது, பேராக்குத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் சயாம் மரண ரயில்பாதைக்குப் பிடிபட்டுப் போனார்கள். அந்தக் காலத்தில் உரிமத்துக்கும் கைத்திறனுக்கும் உள்ள உறவு என்ன என்பதற்கு ஈப்போவில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1926 முதல் பிரூஸ்டர் சாலை 141ஆம் எண்ணில் டாக்டர் ஏ.சி. காத்திகேசு மருத்துவமனை நடத்தினார். அவருடைய மனைவி சிபில் காத்திகேசு பயிற்சி பெற்ற தாதியும் மருத்துவச்சியும் ஆவார். போரின்போது குடும்பம் பாப்பான் என்ற சிற்றூருக்குப் போனது. அங்கே இரவில் காட்டிலிருந்து வந்த, ஜப்பானியரை எதிர்த்த கெரில்லாக்களுக்கு இருவரும் மருத்துவம் பார்த்தார்கள். 1943ல் சிபில் கைதாகிச் சித்திரவதைப்பட்டார். போருக்குப்பின் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. 1948 ஜூன் 12ல் பிரிட்டனில் காலமானார். இன்று அவருடைய கல்லறை ஈப்போவில் இருக்கிறது. எந்தச் சட்டமும் அவர்களை அந்த வேலையைச் செய்யச் சொல்லவில்லை. அன்றைய சட்டப்படி அது குற்றம்.

அவர் மறைந்த நான்காம் நாள், 1948 ஜூன் 16ல், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது. லயங்கள் முள்வேலிக்குள் வந்தன. வெளியே போகவர நேரக் கட்டுப்பாடு வந்தது. இரவில் நோயாளியைப் பட்டணத்துக்குக் கொண்டுபோவது எளிதாக இல்லாத அந்த ஆண்டுகளில் டிரெசரின் ஆஸ்பத்திரியே கதி என்றானது.

சுதந்திரம் வந்தபோது சுகாதார அமைச்சராக உட்கார்ந்தவர் பேராக்குத் தோட்டச் சூழலிலேயே வளர்ந்த ஒருவர். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1957 முதல் 1959 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அதற்கு முன் தொழிலாளர் அமைச்சர். புதிய நாடு மருத்துவத் தொழில்களை ஒவ்வொன்றாகப் பதிவேட்டுக்குள் கொண்டுவந்த காலம் அது. தாதியருக்கு 1950லும் மருந்தாளருக்கு 1951லும் சட்டம் வந்துவிட்டது. மருத்துவச்சிகளுக்கு 1966ல், டாக்டர்களுக்கும் பல் மருத்துவர்களுக்கும் 1971ல், அரசு மருத்துவமனைகளின் மருத்துவ உதவியாளர்களுக்கு 1977ல். இந்த வரிசையில் தோட்ட டிரெசருக்கு 1965ல் இடம் கிடைத்தது. அரசு மருத்துவமனையில் இருந்த அவருடைய சகாவுக்கு முன்பாகவே, 12 ஆண்டு முந்தியே, அவருக்குச் சட்டம் வந்துவிட்டது என்பது கவனிக்கத்தக்கது. அரசு ஊழியரை அரசின் விதிகளே கட்டும். தனியார் நிலத்தில் தனியார் சம்பளத்தில் ஊசி போடுகிறவரைக் கட்டத்தான் சட்டம் அவசரமாகத் தேவைப்பட்டது.

சட்டம் ஒரு வாரியத்தை அமைத்தது, ஒரு பதிவேட்டைத் திறந்தது. பெயர் பதிந்தவர்தான் தோட்ட மருத்துவமனை உதவியாளர். "டிரெசர்" என்ற பழைய பேச்சுவழக்கு அரசாங்கத் தாளில் "ஹாஸ்பிட்டல் அசிஸ்டெண்ட்" ஆனது, தோட்டத்தில் சுருக்கமாக "ஹெச்.ஏ." ஆனது. தொழிலாளர் வாயில் மட்டும் டிரெசர் ஐயாவாகவே நீடித்தது. நோயாளிக்கு இதில் நன்மை உண்டு: தகுதியில்லாத ஆளை மலிவுக்கு வைத்துக்கொள்ளும் பழக்கத்துக்குத் தடை விழுந்தது. டிரெசருக்கும் நன்மை உண்டு: துரையின் மனம்போனபடி நியமனம் என்ற நிலை மாறி, அவர் கையில் ஓர் அத்தாட்சி வந்தது.

குறை எங்கே? சட்டத்தின் பெயரிலேயே "தோட்டம்" இருந்தது. அந்த அத்தாட்சி மனிதரின் திறமைக்குக் கொடுக்கப்பட்டதுதான், ஆனால் அது செல்லுபடியான இடம் தோட்ட எல்லை. வேலிக்குள் இருக்கும்வரை ஹெச்.ஏ. என்ற மதிப்பு. வேலியைத் தாண்டினால் அந்தப் பதிவை வைத்துக்கொண்டு பட்டணத்தில் ஒரு சின்ன மருந்தகம்கூட நடத்தமுடியாது.

வேலியோ அப்போதே பிரிந்துகொண்டிருந்தது. 1950களின் நடுவிலிருந்து வெளிநாட்டுக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டுபோட்டு மறுபடி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று தமிழ் ஏடுகள் அதைக் கண்டித்தன. சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளியின் பத்து வெள்ளி, இருபது வெள்ளியைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்க முனைந்தது இந்தப் பின்னணியில்தான். துண்டாகிப்போன தோட்டத்தில் நாலு ஏக்கர்க்காரர் ஆஸ்பத்திரி நடத்துவாரா? கட்டடம் பூட்டப்பட்டது. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஒரு ஏக்கருக்குத் தேவையான ஆள் குறைந்தது. 1970களிலும் 80களிலும் குடும்பங்கள் ஈப்போவின் புந்தோங் போன்ற இடங்களுக்கும், தொழிற்பேட்டைகளை ஒட்டிய குடியிருப்புகளுக்கும் நகர்ந்தன.

அரசின் கிராமப்புறச் சுகாதாரத் திட்டம் 1950களின் நடுப்பகுதி முதல் கம்பங்களில் கிளினிக்குகளையும் மருத்துவச்சிகளையும் பரப்பியது. உலகமே மெச்சிய திட்டம் அது. ஆனால் தோட்டம் தனியார் நிலம், அங்கே முதலாளி பார்த்துக்கொள்வார் என்ற கணக்கில் லயங்களை அது பெரும்பாலும் சுற்றிக்கொண்டு போனது. முதலாளி ஆஸ்பத்திரியை மூடியபோது, அரசு கிளினிக் இன்னும் வந்துசேரவில்லை. இந்த இடைவெளியில் சிக்கிய தலைமுறை ஒன்று உண்டு. 1990ல் வந்த தொழிலாளர் குறைந்தபட்சக் குடியிருப்பு, வசதிகள் சட்டம், 446ஆம் எண், தோட்ட மருத்துவ வசதியை மறுபடி முதலாளியின் கடமையாக எழுதி வைத்தது. அதே ஆண்டில்தான் டிரெசர் சட்டமும் திருத்திய பதிப்பாக வந்தது. தாளில் இரண்டும் உயிரோடு இருந்தன. தரையில் பல லயங்கள் காலி.

இங்கேதான் கண்ணாடிக் கடையின் கதை ஒப்பிடப் பொருத்தமாக வருகிறது. பால் வெட்டுவது கண்ணை நம்பிய தொழில். விடியற்காலை அரையிருளில், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், மரத்தின் உள்தோலைக் காயப்படுத்தாமல் மெல்லிய சீவலாகப் பட்டையை எடுக்கவேண்டும். ஆழம் கூடினால் மரம் புண்ணாகும், குறைந்தால் பால் வராது. நாற்பது வயது தாண்டி வெள்ளெழுத்து விழுந்தபின் இந்த வேலை தடுமாறும். டிரெசரிடம் அதற்கு மருந்து இல்லை. சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்குப் பஸ் ஏறி, கடைத்தெருவின் கண்ணாடிக் கடையில் ஒவ்வொரு வில்லையாக மாட்டிப் பார்த்து வாங்கி வருவதுதான் வழி.

அந்தக் கடைக்காரர்களும் டிரெசரைப் போலத்தான், கூட இருந்து தொழில் பழகியவர்கள். அப்பாவிடமோ முதலாளியிடமோ கற்றுக்கொண்டு கண்ணைச் சோதித்தார்கள், கண்ணாடி வெட்டினார்கள். 1985ல் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் ஆப்டோமெட்ரி பட்டப்படிப்பைத் தொடங்கியதும் கேள்வி எழுந்தது: நான்கு ஆண்டு படித்து வருகிறவரும் கடையில் பழகியவரும் ஒரே வேலையைச் செய்யலாமா? 1991ன் ஆப்டிக்கல் சட்டம், 469ஆம் எண், இதற்குப் பதில் சொன்னது. மலேசிய ஆப்டிக்கல் மன்றம் அமைந்தது. ஆப்டோமெட்ரிஸ்டுக்கு ஒரு பதிவேடு, ஆப்டிஷியனுக்கு ஒரு பதிவேடு. கண்ணைச் சோதித்து அளவு எழுதித் தருவது முதலாமவர் வேலை. எழுதித் தந்த அளவுக்குக் கண்ணாடி செய்து கொடுப்பது இரண்டாமவர் வேலை. கண்ணின்மேல் ஒட்டி வைக்கும் வில்லைக்குத் தனிக் கட்டுப்பாடு.

பழகித் தொழில் செய்தவர்கள் என்ன ஆனார்கள்? சட்டம் வருவதற்கு முன்பே தொழிலில் இருந்தவர்களுக்கு அனுபவத்தின் பேரில் பதிவு பெற வழி விட்டார்கள். பட்டதாரிகளில் சிலருக்கு அது கசந்தது. ஆனாலும் ஒரு தலைமுறைக் கடைக்காரர்கள் தெருவில் நிற்காமல் பிழைத்தார்கள், அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் பட்டம் படித்து அதே கடைக்கு வந்தார்கள். அந்தப் பதிவு ஆளோடு நடந்தது. ஈப்போவில் கடையை மூடிவிட்டுத் தெலுக் இந்தானில் திறந்தாலும் அவர் ஆப்டிஷியன்தான்.

இந்த எல்லைச் சண்டை மலேசியாவுக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம்தான் 1901ல் முதலில் ஆப்டோமெட்ரிஸ்டுகளுக்கு உரிமச் சட்டம் போட்டது. கண்ணுக்குள் சொட்டுமருந்து விட்டுச் சோதிக்கும் உரிமையை ரோட் ஐலண்டு மாநிலம் கொடுக்க 1971 ஆனது. மருந்து கொடுத்துச் சிகிச்சை செய்யும் உரிமையை மேற்கு வர்ஜீனியா 1976ல் கொடுத்தது. ஒவ்வோர் அடியிலும் கண் மருத்துவர்கள் எதிர்த்தார்கள். பிரிட்டன் 1958ல் ஆப்டிஷியன் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவில் ஆப்டோமெட்ரியை உள்ளடக்கிய தேசிய அளவுச் சட்டம் 2021ல்தான் வந்தது. டாக்டருக்கு அடுத்த படியில் நிற்கும் எல்லோருக்கும் எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதுதான் எங்கும் தகராறு.

தோட்டத்தைப் பொறுத்தவரை பொருத்தமான ஒப்பீடு இலங்கை. மலையகத் தேயிலைத் தோட்டங்களிலும் கம்பெனி ஆஸ்பத்திரியும், தோட்ட மருத்துவ உதவியாளரும் இருந்தார்கள். அங்கே அரசு தோட்ட ஆஸ்பத்திரிகள் பலவற்றைப் படிப்படியாகத் தன் பொறுப்பில் எடுத்தது. எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்லமுடியாது. ஆனாலும் "அது கம்பெனி விஷயம்" என்று கைகழுவும் கொள்கைக்கு அங்கே ஒரு முடிவு காண முயற்சியாவது நடந்தது. பேராக்கில் தோட்டம் மறைந்தபோது ஆஸ்பத்திரி அரசுக்குக் கைமாறவில்லை, பெரும்பாலும் காணாமல் போனது.

டிரெசர்களின் பின்கதையும் அப்படித்தான். சிலர் செம்பனைத் தோட்டங்களுக்கு மாறினார்கள். சிலர் பட்டணத்துத் தனியார் கிளினிக்குகளில் டாக்டருக்குக் கைத்துணையாகச் சேர்ந்தார்கள். முப்பது ஆண்டு நாடி பார்த்த மனிதர், மருந்து பொட்டலம் கட்டும் வேலைக்கு வந்தார். நல்ல சம்பளம், ஓய்வூதியம், பதவி உயர்வு எல்லாம் அரசு மருத்துவ உதவியாளருக்கு இருந்தன. அவர்கள் இன்று உதவி மருத்துவ அதிகாரிகள். தோட்டத்து ஹெச்.ஏ.க்கு அந்தப் பாலம் தாராளமாகத் திறக்கப்படவில்லை. செம்பனைத் தோட்டங்களில் இன்றும் ஹெச்.ஏ. வேலை இருக்கிறது. திண்ணையில் வரிசை கட்டுகிறவர்கள் இப்போது பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும். வேலையின் சாரம் மாறவில்லை. காய்ச்சல், வெட்டுக்காயம், பூச்சிமருந்து தெறித்த கண், அதோடு "இன்னைக்கு வேலைக்குப் போகலாமா?" என்ற அதே கேள்வி.

1965ன் சட்டத்தைக் குறைசொல்லி ஒதுக்கிவிட முடியாது. தொழிலாளியைப் போலி வைத்தியத்திலிருந்து காத்தது, டிரெசருக்கு ஒரு தொழில்முறை அடையாளம் கொடுத்தது. ஆனால் திறமையை இடத்தோடு கட்டிப்போட்டது அதன் பெரிய பிழை. நிலம் கைமாறும், பயிர் மாறும், கம்பெனி பெயர் மாறும். மனிதன் கற்றது மாறாது. 2016ல் துணை மருத்துவத் தொழில்களுக்கென்று 774ஆம் எண் சட்டம் வந்திருக்கிற இந்தக் காலத்தில், புதிய பதிவேடுகளைத் திறக்கிறவர்கள் கண்ணாடிக் கடைக்காரருக்கு 1991ல் கொடுத்ததை நினைவில் வைக்கட்டும், டிரெசருக்குக் கொடுக்காமல் விட்டதையும் நினைவில் வைக்கட்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோட்ட ஆஸ்பத்திரிகளில் பிறப்பு, நோய், மருந்து, சாவு என்று தனித்தனிப் பதிவேடுகள் இருந்தன. தோட்டம் விற்கப்பட்டபோது பல எரிக்கப்பட்டன, பல கரையானுக்குப் போயின. சில, டிரெசர் குடும்பங்களின் பெட்டிகளில் இன்னும் இருக்கக்கூடும்: பழைய பதிவுச் சான்றிதழ், டாக்டர் கையெழுத்திட்ட வருகைப் புத்தகம், ஆஸ்பத்திரி முன் எடுத்த படம். சுங்கை சிப்புட், கோலகங்சார், பத்து காஜா, தெலுக் இந்தான் பக்கத்தில் இப்படி எதுவும் உங்கள் வீட்டில் இருந்தால், பழைய தாள் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையிடமோ தேசிய ஆவணக் காப்பகத்திடமோ ஒரு வார்த்தை பேசுங்கள். தமிழர் உடம்பைப் பற்றிய நூறாண்டுக் கணக்கு அந்தத் தாள்களில்தான் இருக்கிறது.